ஏழு இஞ்சுக் குழாயில் நாலு இஞ்சுத் தேங்காய்

அன்று எங்கள் மானாவாரிக் காட்டில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, நான், என் நாலு வயது மகள் மகிழினி, போர் போடும் வண்டியோடு திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து வந்த ஏஜெண்ட், அவருடைய ஆட்கள் ஐந்து பேர், அப்புறம் பக்கத்துக் காட்டுக்காரர்கள் பத்துப் பேர். (அவர்களை யாரும் கூப்பிடவில்லை. எங்கள் பக்கம் பூமியில் ஓட்டை போடும் சத்தம் கேட்டால் அதுவே அழைப்பிதழ்.)

இல்லாதவர், என் மனைவி செல்வராணி. அவள் கயத்தாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு ஒளிச்சேர்க்கை நடத்திக்கொண்டிருந்தாள். அவளோடு வகுப்பில் இன்னொரு ஆளும் இருந்தது. அந்த ஆள் வயிற்றுக்குள் வந்து ஐந்து மாதம். அப்படி ஒரு ஆள் இருப்பது உலகத்தில் மூன்றே பேருக்குத்தான் தெரியும்: அவளுக்கு, எனக்கு, கோவில்பட்டியில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மாவுக்கு. சாயங்காலம் ஐந்து மணிக்கு அது காட்டில் இருந்த இருபது பேருக்கும் தெரிந்துவிட்டது. நான் வாயையே திறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ச் சான்றிதழோடு வெளியே வந்த முதல் ஆள் நான். பி.எஸ்ஸி. இயற்பியல். கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளர். முதல் தலைமுறையாகப் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. படித்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ள மாட்டான், வீடு முழுக்கப் பரப்புவான். மகிழினி வயிற்றில் இருந்தபோது ஒரு கிரகணம் வந்தது. வெளியே வந்தால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்று அம்மா செல்வராணியை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். நான் கதவைத் திறந்து, ஒரு பூசணிக்காய், ஒரு தக்காளி, ஒரு டார்ச் லைட் ஆகியவற்றைக் கொண்டு பிரபஞ்சத்தை விளக்கி, கிரகணம் பிடித்திருக்கும்போதே மனைவிக்கு ஒரு தட்டு உப்புமா கொடுத்துச் சாப்பிட வைத்தேன். (அப்பா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சந்திரனை ரசத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா என்றார்.) என் வீரம் ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. மகள் பிறந்து நர்ஸ் என் கையில் கொடுத்தவுடன் நான் செய்த முதல் காரியம், அவள் மேலுதட்டை இரண்டு தடவை தடவிப் பார்த்ததுதான்.

அவள் வயிற்றில் இருந்தபோது செல்வராணி பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் மாதம் ஆனதும், பஸ் குலுக்கல் பிள்ளைக்கு ஆகாது என்று அம்மா ஒரே வாக்கியத்தில் அந்தப் படிப்பை நிறுத்தினாள். பிரபஞ்சத்தை விளக்கியவன் பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை விளக்கவில்லை. செல்வராணி புத்தகங்களைத் துணிப்பையில் கட்டிப் பரணில் போட்டாள். மூன்று வருடம் கழித்து அவளே இறக்கினாள், அவளே பணம் கட்டிச் சேர்ந்தாள். கடைசிக் கட்டமாக ஒரு பள்ளியில் பாடம் நடத்தும் பயிற்சி. நாட்கள் குறையாமல் முடித்தால்தான் பட்டம். பயிற்சி தொடங்குகிற சமயம் பார்த்து இரண்டாவது உண்டானது.

“இந்தப் பயிற்சி முடியுத வரைக்கும் அத்தைக்குத் தெரியக் கூடாது” என்றாள். “நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்.”

என் வாழ்க்கையில் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலைகளிலேயே சுலபமானது அதுதான்.

முதல் மூன்று மாதத்து வாந்தியை அவள் கயத்தாறு பஸ் ஸ்டாண்டில் வைத்தே முடித்துக்கொண்டாள். வீட்டில் ஒரு சத்தம் கிடையாது. நாலாம் மாதம் வாந்தி நின்றது, பசி ஆரம்பித்தது. அது சாதாரணப் பசி இல்லை. காலையில் வீட்டில் ஆறு இட்லி, பஸ் ஏறும் முன் இரண்டு வடை, பள்ளிக்கூட இடைவேளையில் பிள்ளைகள் பார்க்காத இடத்தில் ஒரு தூக்கு நிறையக் கம்மஞ்சோறு. அம்மா இதைப் பார்த்துப் பூரித்துப் போனாள். தன் கைப்பக்குவத்தில்தான் மருமகள் உடம்பு தேறிவிட்டது என்று தெருவெல்லாம் சொன்னாள். நானும் சொன்னேன். (கைப்பக்குவம் என்ற சொல்லை நான் அவ்வளவு தடவை வேறு எப்போதும் பயன்படுத்தியதில்லை.)

இரண்டாம் பிள்ளை வயிற்றை முதல் பிள்ளையைவிடச் சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். ஏற்கெனவே ஒரு தடவை ஊதிய பலூன் இரண்டாம் தடவை லேசாக ஊதிக்கொள்ளும் என்று நான் மனைவிக்கு விளக்கினேன். (அன்று எனக்கு மதியச் சாப்பாடு இல்லை.) செல்வராணி சேலைக் கொசுவத்தை ஏற்றி வைத்தாள். பாட நோட்டு, வருகைப் பதிவேடு, சுருட்டிய சார்ட் எல்லாவற்றையும் வயிற்றுக்கு முன்னால் அணைத்துப் பிடித்துக்கொண்டே நடந்தாள். எவ்வளவு பொறுப்பான டீச்சர் என்று ஊரே வியந்தது. மாதப் பரிசோதனைக்குக் கோவில்பட்டி போகும்போதெல்லாம் வீட்டில் ஆதார் திருத்தம் என்று சொன்னோம். ஆதார் திருத்தம் என்றால் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். இன்னும் முடியலையா என்று யாரும் சந்தேகப்படுவதில்லை, பாவம் என்றுதான் சொல்வார்கள்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் எல்லாம் சரியாக இருந்தது. வகுப்பில் பாடம் நடத்தும்போது உள்ளேயிருந்து முட்டுகிறது என்றாள். அவள் கேள்வி கேட்டால் மொத்த வகுப்பிலும் பதில் சொல்வது அது ஒன்றுதானாம். பயிற்சியில் இன்னும் பன்னிரண்டு நாள் பாக்கி. அந்த நேரத்தில்தான் அப்பா போர் போட்டார்.

காலையில் பூஜை, முதல் தேங்காய், எல்லாம் அப்பாவே செய்தார். வண்டி துளைக்கத் தொடங்கியது. கரிசல் மண் போனது, சுக்கான் கல் போனது, பிறகு வெறும் பாறை. வெள்ளைப் புழுதியில் நாங்கள் எல்லோரும் கோலமாவு தடவிய மாதிரி நின்றோம். இருநூறு அடியில் புழுதி. இருநூற்றைம்பதில் புழுதி. அப்பா வேட்டி முனையை வாயில் கடித்தபடி நின்றார். முந்நூற்றுப் பத்து அடியில் குழாயிலிருந்து தண்ணீர் பனைமர உயரத்துக்கு அடித்தது. அப்பா ஓடிப்போய் நடுவில் நின்று ஆடாத குறையாக நனைந்தார். நாக்கில் விட்டுப் பார்த்துவிட்டு, உப்பு இல்லை என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய்ச் சொன்னார்.

சாயங்காலம் ராடுகளை உருவி, வண்டியின் கோபுரத்தைப் படுக்க வைத்துவிட்டார்கள். தரைக்கு மேல் முழங்கால் உயரத்துக்கு ஏழு இஞ்சுக் குழாய் மட்டும் வாயைத் திறந்தபடி நின்றது. அதற்கு மஞ்சள் பூசிப் பூச்சுற்றி, இரண்டாம் தேங்காயைக் கையில் எடுத்த அப்பா என்னைப் பார்த்தார்.

“ஏலே, நீ வந்து ஒடை. இனி இந்தத் தண்ணி உனக்கும் உன் பிள்ளைக்கும்தான.”

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம், மனைவி மாசமாக இருந்தால் புருஷன் தேங்காய் உடைக்கக் கூடாது. பாம்பு அடிக்கக் கூடாது, வீட்டுக்கு வாசல்நிலை வைக்கக் கூடாது. உடைத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். இதற்கும் அறிவியலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று நான் ஊரில் பலருக்கு, அவர்கள் கேட்காமலேயே, விளக்கியிருக்கிறேன்.

அப்பா தேங்காயை என் இடது கையிலும் அருவாளை வலது கையிலும் வைத்தார். நான் முதலில், காற்றில் சூடம் நிற்கவில்லை என்றேன். ஏஜெண்ட் குனிந்து உள்ளங்கையால் காற்றை மறைத்துச் சூடத்தை நிற்க வைத்தார். அப்படியானால் தண்ணீர் கண்டவர் அவர்தானே, அவரே உடைக்கட்டும் என்றேன். அதெல்லாம் வீட்டுக்காரர்கள்தான் உடைக்கோணுமுங்க என்று அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார். கடைசியாக, கையில் சுளுக்கு என்றேன். (பத்து நிமிஷத்துக்கு முன் அதே கையால் டீசல் டிரம்மை உருட்டியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.)

அப்போதுதான் அம்மா என்னைப் பார்த்தாள். அதுவரை மகிழினிக்கு வேர்க்கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவளின் விரல் நின்றுபோயிருந்தது. அந்தப் பார்வையில் ஆறு இட்லி தெரிந்தது. ஆதார் திருத்தம் தெரிந்தது.

இனிமேல் உடைக்காவிட்டால் செல்வராணியின் படிப்பு இரண்டாம் முறையாகப் பரணுக்குப் போய்விடும். உடைத்தால் ஒன்றும் ஆகாது. தேங்காய் என்பது நார், ஓடு, பருப்பு, நீர். அருவாள் என்பது விசை. இதில் பிள்ளை எங்கே வருகிறது? எனக்குள் இருந்த இயற்பியல் இதை எடுத்துச் சொன்னது. எனக்குள் இருந்த இன்னொருத்தன் பச்சைப் பிள்ளையின் உதட்டைத் தடவிக்கொண்டிருந்தான். நான் கண்ணை மூடி அருவாளை ஓங்கினேன்.

இயற்பியல் வலது கையை இறக்கியது. மற்றவன் இடது கையை இழுத்துக்கொண்டான். மஞ்சளும் தண்ணீரும் பட்டு வழவழப்பாக இருந்த தேங்காய் கையிலிருந்து எம்பி, குழாயின் விளிம்பில் ஒருமுறை உட்கார்ந்து யோசித்துவிட்டு, உள்ளே போனது.

டொக். டொடொக். பிறகு ஒன்றுமில்லை. பிறகு, வெகு ஆழத்தில், ‘பொளக்.’

“ஆச்சி, அப்பா தேங்காய ஓட்டைக்குள்ள போட்டுட்டாவ” என்றாள் மகிழினி.

அப்போது என் படிப்பு எனக்குக் கைகொடுத்தது. நூற்றெண்பது என்றேன்.

“என்னது நூத்தி எம்பது?” என்றார் அப்பா.

“தண்ணி மட்டம்பா. விழுந்து சத்தம் வர மூணரை செகண்டு ஆச்சு. கணக்குப் போட்டா நூத்தி எம்பது அடி.”

“கரெக்டாத்தானுங்க சொல்றாரு” என்றார் ஏஜெண்ட், உண்மையான மரியாதையோடு.

“தேங்கா மெதக்குமால?”

“கண்டிப்பா மெதக்கும்பா.”

“மெதந்து மேல வருமா?”

“தண்ணி மட்டம் வரைக்கும் வரும்.”

“அது எங்கன இருக்கு?”

“நூத்தி எம்பது அடியில.”

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி தோளில் போட்டு, அப்படியே புழுதியில் உட்கார்ந்துவிட்டார். மோட்டார் இறக்க வேண்டிய குழாயில் என் தேங்காய் வழியை அடைத்துக்கொண்டு மிதந்தது. அம்மா போர்ப் பக்கமே திரும்பவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

“எத்தன மாசம்ல?”

நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். மனைவிக்குக் கொடுத்த வாக்கு. என் இடது கைதான், தேங்காயை விட்ட அதே கை, தானாக மேலே வந்து ஐந்து விரலையும் விரித்துக் காட்டியது.

அதன் பிறகு அங்கே இரண்டு கூட்டம் நடந்தது. ஒரு கூட்டம் குழாயைச் சுற்றி நின்று, தேங்காயை எப்படி எடுப்பது என்று பேசியது. தூண்டில் போடலாம் என்றார் ஒருவர். தண்ணீரை ஊற்றி நிரப்பினால் தானாக மேலே வந்துவிடும் என்றார் இன்னொருவர். (இது தத்துவப்படி சரிதான். ஆனால் எங்கள் காட்டில் தண்ணீர் இல்லாததால்தான் போரே போட்டோம்.) இன்னொரு கூட்டம் அம்மாவைச் சுற்றி நின்று, மசக்கை தெரியவே இல்லையே, அவ்வளவு கெட்டிக்காரியா உன் மருமகள் என்று கேட்டது. நான் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், இரண்டுக்கும் குற்றவாளியாக நின்றேன்.

ஏஜெண்ட் தீர்ப்புச் சொன்னார். நாகலாபுரம் பக்கம் அடுத்த ஆர்டர் காத்திருக்கிறது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. கோபுரத்தைத் திரும்ப நிமிர்த்தி, ராடு இறக்கி, தேங்காயை உள்ளேயே உடைத்து, காற்றை அடித்து வெளியே தள்ள வேண்டும். கூலியை அவர் சொன்னதும் அப்பா என்னைப் பார்த்தார். இருபத்தைந்து வருடமாகப் போர் போடுகிறேன், இப்படி ஒரு கேஸைப் பார்த்ததில்லைங்க என்றும் ஏஜெண்ட் சேர்த்துச் சொன்னார். அவருடைய ஆட்களில் மூன்று பேர் வடக்கத்தியர்கள். நாலாவது ஆள் அவர்களுக்கு விஷயத்தை மொழிபெயர்த்துச் சொன்னான். கடைசியில் அவன் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டியதும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். எந்த மொழியிலும் அனுதாபம் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

இருபது அடி நீள ராடு ஒன்பது இறங்கியது. அடியில் டக் என்று ஒரு சத்தம். கீழே மண்ணுக்குள், முப்பது டன் வண்டி ஒன்று என் சார்பில் அந்தத் தேங்காயை உடைத்தது.

சரியாக அந்த நேரத்தில் ஐந்தரை பஸ்ஸில் இறங்கிய செல்வராணி, காட்டில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வரப்பு வழியாக வந்துகொண்டிருந்தாள். வழக்கம்போல நோட்டும் சார்ட்டும் வயிற்றுக்கு முன்னால். ஏஜெண்ட் கையைக் காட்டினார். கம்ப்ரஸர் உறுமியது. சேறும் தண்ணீரும் வானத்துக்குப் போய், ஒரு நொடி நின்று, எங்கள் எல்லோர் மேலும் இறங்கியது. சேற்றோடு ஓட்டுச்சில்லு, நார், வெள்ளை வெளேரென்று தேங்காய்ப் பருப்பு. பக்கத்துக் காட்டுப் பெரியவர் ஒருவர் தோளில் விழுந்த பருப்புத் துண்டைத் துடைத்து வாயில் போட்டுவிட்டு, நல்ல முத்தின காய் என்றார். மற்றவர்களும் குனிந்து பிரசாதம் பொறுக்கினார்கள்.

செல்வராணி தலையிலிருந்து கால்வரை சேற்று நிறத்தில் நின்றாள். இலை, வேர், சூரியன் எல்லாம் வரைந்த சார்ட்டில் சூரியன் அணைந்துபோயிருந்தது. வானத்திலிருந்து தேங்காய் விழுந்ததைவிட, எல்லோரும் தன் வயிற்றைப் பார்ப்பதுதான் அவளுக்கு வினோதமாக இருந்தது. அம்மா போய் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“நாளையிலருந்து பஸ்ஸுல போக வேண்டாம்ட்டி.”

செல்வராணி என் பக்கம் திரும்பினாள். என் முகத்திலும் சேறு இருந்ததால், கூட்டத்தில் நான் எது என்று கண்டுபிடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரமானது.

“சொல்லிட்டீங்களா?”

நான் சொல்லவில்லை, தேங்காய் உடைக்கவில்லை, அவ்வளவுதான் என்றேன்.

“நீங்க பிஸிக்ஸ்தான படிச்சிய?” என்றாள். அதற்கு மேல் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

பிறகு அம்மாவைப் பார்த்து நின்றாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன்.

“அத்தை, இவுக வயித்துல இருக்கும்போது அஞ்சாம் மாசம் நீங்க எங்க இருந்தீங்க?”

“மொளகாப் பழம் எடுத்துக்கிட்டு இருந்தேன். வேற எங்கன இருப்பேன்?”

“காட்டுக்கு எதுல போனீங்க?”

“லாரியில. முப்பது பொம்பளைய நின்னுக்கிட்டே போவோம்.”

“லாரி குலுங்கலையா?”

அம்மா சேறு பட்ட முந்தானையை மடித்து மடித்துப் பார்த்தாள்.

“குலுங்குச்சு. எனக்குப் படிப்பு இல்ல, நின்னுக்கிட்டுப் போனேன். நீயும் அப்படிப் போகணும்னா அந்தப் படிப்பு எதுக்குட்டி?”

“முடிச்சாத்தான அத்தை அது படிப்பு. இன்னும் பன்னெண்டு நாளுதான்.”

எனக்கு இந்த இடத்தில் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாயைத் திறந்தேன். அம்மா, செல்வராணி, அப்பா மூன்று பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். மூடிக்கொண்டேன்.

உட்கார்ந்த இடத்திலிருந்து அப்பாதான் பேசினார். போர் திரும்பத் திறந்துவிட்டது, தண்ணீர் உப்பு இல்லை, அவர் அன்று எதற்கும் சம்மதிக்கிற நிலையில் இருந்தார். ஊருக்குள் இருக்கும் ஆட்டோக்காரரிடம் பன்னிரண்டு நாளைக்குச் சொல்லிவிட வேண்டியதுதான், காலையில் கொண்டுபோய் விட்டு, இருந்து, சாயங்காலம் கூட்டிவரட்டும் என்றார். வாடகை யார் கொடுப்பது என்று ஆட்டோக்காரர் கேட்பாரே என்றாள் அம்மா. அப்பா என் இடது கையைச் சுட்டிக் காட்டினார்.

மறுநாள் ஆட்டோவில் செல்வராணிக்கு முன்னால் அம்மா ஏறி உட்கார்ந்திருந்தாள், மடியில் இரண்டு தூக்குச் சட்டியோடு. பன்னிரண்டு நாளும் போனாள். முதல் இரண்டு நாள் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் இருந்தாள். மூன்றாம் நாள் வெயில் என்று தலைமையாசிரியை கூப்பிட்டு வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தாராம். அம்மா தன் வாழ்க்கையில் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டது அந்தப் பத்து நாள்தான். தினமும் வீட்டுக்கு வந்து, மருமகள் நன்றாகத்தான் நடத்துகிறாள், பயல்கள்தான் கவனிக்க மாட்டேன் என்கிறார்கள் என்று குறைபட்டுக்கொள்வாள். அப்பாவுக்கு ஒளிச்சேர்க்கை நடத்தினாள். தக்காளி, பூசணிக்காய் எதுவும் இல்லாமலே அவருக்குப் புரிந்தது.

மகன் நல்லபடியாகப் பிறந்தான். செல்வராணி பி.எட். முடித்துவிட்டாள். இப்போதும் எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷமானாலும், நான் உள்ளே நுழைந்தவுடன் யாராவது தேங்காய்த் தாம்பாளத்தை நகர்த்தி வைப்பார்கள். எந்தக் காட்டில் போர் போட்டாலும், கம்ப்ரஸர் நின்றதும், இந்தக் கோவில்பட்டி விஞ்ஞானி எங்கே, முதலில் ஓட்டையை மூடுங்கப்பா என்று ஒரு குரல் வரும். இரண்டாம் பிள்ளைக்கு எல்லாமே சிக்கனம், முதல் பிள்ளையின் சட்டை, முதல் பிள்ளையின் தொட்டில், பெரிதாகச் செலவு ஒன்றும் வராது என்று யாராவது புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் என்னிடம் சொன்னால், செல்வராணி என்னைப் பேசவிடாமல் கணக்கை அவளே சொல்லுவாள்: தேங்காய் நாற்பது, புதுச் சார்ட்டும் கலர் பென்சிலும் அறுபது, ராடு இறக்கி உடைத்த கூலி ஆறாயிரத்து ஐந்நூறு, ஆட்டோ பன்னிரண்டு நாளைக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு. ஆக மொத்தம் பதினாறாயிரத்து இருநூறு ரூபாய்.